வரியைக் குறைப்பதும் வரியை மறைப்பதும்



2025-ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடு முழுவதும் ஏறத்தாழ 150 இடங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. இம்முறை தேடப்பட்டவர்கள் பெரும் தொழிலதிபர்கள் அல்லர். மற்றவர்களுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுக்கும் இடைத்தரகர்கள். கொடுக்காத வாடகை, வாங்காத கல்விக்கடனுக்கு வட்டி, பெயர் தெரியாத அரசியல் கட்சிக்கு நன்கொடை என்று எதையாவது எழுதி, "ரீபண்டு வாங்கித் தருகிறேன், எனக்கு இத்தனை சதவீதம்" என்று கமிஷன் பேசியவர்கள். அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 40,000 பேர் தங்கள் ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்யான கழிவுகளைத் தாங்களாகவே விலக்கிக்கொண்டார்கள் என்று அரசு அறிவித்தது.

இந்தச் செய்தி நம் பங்குகளுக்குத் தூரமானதல்ல. குமரியிலும் தூத்துக்குடியிலும் நெல்லையிலும் வெல்டர், பைப் பிட்டர், ரிக்கர், கிரேன் ஆபரேட்டர், கப்பல் பணியாளர் இல்லாத தெரு குறைவு. இப்போது புதிய தலைமுறை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. மாடியறையில் கணினி முன் அமர்ந்து அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் மென்பொருள் எழுதுகிறவர்கள், எண்ணெய் ஆலைகளுக்குக் குழாய் வரைபடம் போடுகிறவர்கள். மாதச் சம்பளக்காரருக்கு நிறுவனமே வரியைப் பிடித்துக் கணக்கை முடித்துவிடும். ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர் தன் கணக்கைத் தானே பார்க்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார்.

"சாமி, வரியைக் குறைப்பது பாவமா?" என்று சிலர் நேராகவே கேட்கிறார்கள். கேள்வி பழையது. ஒழுக்க இறையியல் படித்தவர்கள் 'வெறும் தண்டனைச் சட்டம்' என்ற ஒரு பழைய கோட்பாட்டை அறிவார்கள். சில சட்டங்கள் மனசாட்சியைக் கட்டுப்படுத்துவதில்லை, பிடிபட்டால் அபராதம் கட்டினால் போதும் என்பது அதன் சாரம். வரிச் சட்டத்தையும் அந்தப் பெட்டிக்குள் போட்ட இறையியலாளர்கள் இருந்தார்கள். அநியாய வரி வசூலித்த அரசர்களின் காலத்தில் அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. இன்று அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' ஏடு 30-ஆம் எண்ணில், நியாயமான வரியை மோசடியால் தவிர்ப்பவர்களைச் சாடுகிறது. மறைக்கல்வி ஏடு 2240-ஆம் எண்ணில் வரி செலுத்துவதை ஒழுக்கக் கடமை என்கிறது. 2409-ஆம் எண்ணில் வரி ஏய்ப்பைத் திருட்டோடு தொடர்புடைய குற்றங்களின் வரிசையில் வைக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏய்ப்பைத்தான் ஏடு கண்டிக்கிறது. சட்டம் தருகிற சலுகையைப் பெறுவதை அல்ல. மத்தேயு நற்செய்தி 17-ஆம் அதிகாரத்தில் கோவில் வரி கேட்டு வந்தவர்களைப் பற்றி ஆண்டவர் பேதுருவிடம் பேசும்போது, தமக்கு அந்த வரியில் விலக்கு உண்டு என்பதை முதலில் நிலைநாட்டுகிறார். பிறகுதான் அவர்களுக்கு இடறலாக வேண்டாம் என்று, மீனின் வாயிலிருந்து நாணயம் எடுத்துக் கட்டச் சொல்கிறார். (மீன் பிடித்த அன்றே மீனைக் கொண்டே வரி கட்டிய கடலோர மனிதர் பேதுரு ஒருவர்தான் என்று நினைக்கிறேன்!) விலக்கு இருந்தால் இருக்கிறது என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, சட்டம் என்ன விலக்குத் தருகிறது? நம் மக்களில் பலருக்கு இது தெரியாததால்தான் பொய் விலை போகிறது.

உள்ளூரில் இருந்துகொண்டே ஒப்பந்த வேலை செய்யும் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். 2016-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பொறியியல், மருத்துவம், கட்டடக்கலை, தொழில்நுட்ப ஆலோசனை, தகவல் தொழில்நுட்பம் போன்ற தொழில்களில் தனியாக இயங்குகிறவர், தமக்கு வந்த தொகையில் பாதியை வருமானம் என்று காட்டினால் போதும். மீதிப் பாதி செலவு என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. ரசீது அடுக்க வேண்டாம், கணக்குப் புத்தகம் வேண்டாம். முதலில் ஆண்டு வரவு 50 லட்சம் வரை என்றிருந்த வரம்பு, ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு 2023-இல் 75 லட்சமாக உயர்ந்தது. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கென 2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு வேறு எண்ணில் தொடர்கிறது. வெல்டிங், கட்டுமானம் போன்ற ஒப்பந்த வேலைகளைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இதற்கு இணையான இன்னொரு பிரிவு உண்டு. அங்கே வரவில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம், வருமானமாகக் கொள்ளப்படும்.

இதோடு 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையைச் சேர்த்துப் பாருங்கள். நாட்டில் வசிப்பவருக்கு 12 லட்சம் வரை வருமானம் இருந்தால், தள்ளுபடி போக வரி பூச்சியம். ஒரு மென்பொருள் ஒப்பந்ததாரருக்கு ஆண்டில் 24 லட்சம் வந்தால், பாதி 12 லட்சம். வரி ஒன்றுமில்லை. அதே 24 லட்சத்தைச் சம்பளமாக வாங்குகிறவருக்கு 75,000 நிலையான கழிவு போக, வரியும் கூடுதல் தீர்வையுமாகச் சேர்த்து 2,92,500 ரூபாய்! ஒரே உழைப்பு, ஒரே தொகை.

இதில் அநீதி இருக்கிறதா? இருக்கிறது என்பதே என் கருத்து. ஆனால் அந்த அநீதிக்குப் பொறுப்பு சட்டம் இயற்றியவருடையது. உண்மையிலேயே தனித்து இயங்குகிறவர் அதைப் பயன்படுத்துவதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. அவருக்கு விடுப்புச் சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது, பணிக்கொடை கிடையாது. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற உறுதியும் கிடையாது.

குற்றம் வேறிடத்தில் தொடங்குகிறது. சில நிறுவனங்கள் நேற்றுவரை ஊழியராக இருந்தவரை அழைத்து, "இனி நீங்கள் கன்சல்டன்ட். உங்களுக்கும் வரி மிச்சம், எங்களுக்கும் பி.எஃப். மிச்சம்" என்கின்றன. அதே நாற்காலி, அதே நேரம், அதே மேலாளர். விடுப்புக்கு அதே அனுமதி. பெயர் மட்டும் மாறியிருக்கிறது. மாத இறுதியில் கையில் வரும் தொகை கூடியதைப் பார்த்து மகிழ்ந்த இளம்பெண், மகப்பேறு விடுப்புக் கேட்கும்போதுதான் தான் யாருமில்லை என்பதை அறிகிறாள். வரியைக் குறைப்பதாகச் சொல்லித் தொழிலாளியின் உரிமையைக் குறைத்த கதை இது. உங்கள் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட தாள் ஒன்று கையெழுத்துக்கு வந்தால், வரி மிச்சத்தை ஒரு பக்கமும், பி.எஃப்., பணிக்கொடை, மருத்துவப் பாதுகாப்பு, மகப்பேறு விடுப்பு ஆகியவற்றை மறுபக்கமும் எழுதிக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கிலாந்து இந்தப் பாதையில் நமக்கு முன்னே நடந்த நாடு. ஊழியரே கம்பெனிப் பெயரில் ஒப்பந்ததாரராக வேடம் போடுவதைத் தடுக்க 2000-ஆம் ஆண்டிலேயே 'ஐஆர்35' என்ற விதியை அங்கே கொண்டுவந்தார்கள். 2017-இல் அரசுத் துறையிலும் 2021-இல் தனியார் துறையிலும், ஒருவர் ஊழியரா ஒப்பந்ததாரரா என்று தீர்மானிக்கும் பொறுப்பை, சிறு நிறுவனங்கள் நீங்கலாக, வேலை தருகிறவர் தலையில் வைத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் சிலர் இன்னொரு தந்திரத்தை விற்றார்கள். கூலியைக் கூலியாகத் தராமல் ஓர் அறக்கட்டளை வழியாகக் 'கடன்' என்று தருவது. கடனுக்கு வரி இல்லை அல்லவா! திருப்பிக் கேட்கப்படாத கடன். கணினிப் பொறியாளர்கள் மட்டுமல்ல, செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் இதில் சேர்ந்தார்கள். வேறு வழியில் வேலை கிடைக்காது என்று ஏஜென்சி சொன்னதால் சேர்ந்தவர்களும் உண்டு. 2016-இல் அந்நாட்டு அரசு 'கடன் வரி' ஒன்றை அறிவித்தது. 2019-இல் பல ஆண்டுத் தொகை மொத்தமாக இவர்கள் தலையில் விழுந்தது. 10 தற்கொலைகள் இதனோடு தொடர்புடையவையாக இருக்கக்கூடும் என்று அந்நாட்டு வரித்துறையே கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவித்தது. திட்டத்தை விற்றவர்கள் கட்டணத்தை முன்பே வாங்கிக்கொண்டார்கள். பில் வந்தது உழைத்தவர் வீட்டுக்கு. நம் ஊர்த் தரகரும் அப்படித்தான். நோட்டீஸ் வரும் நாளில் அவருடைய கைபேசி அணைந்திருக்கும்.

இனி வெளிநாடு செல்கிறவர்கள் பற்றி. இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகள் ஊரில் உலவுகின்றன.

ஒன்று, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு இந்தியாவில் வரி இல்லை என்பது. நாகர்கோவிலில் உட்கார்ந்து துபாய் நிறுவனத்துக்கு வேலை செய்கிறவர் நாகர்கோவிலில்தான் சம்பாதிக்கிறார். பணம் டாலரில் வந்தாலும் திர்ஹாமில் வந்தாலும் அது இந்திய வருமானம். வெளிநாட்டு நிறுவனம் டிடிஎஸ் பிடிக்காமல் முழுத் தொகையை அனுப்புவதால் வரி இல்லை என்று ஆகிவிடாது. மேலே சொன்ன பாதிக் கணக்கில் வருகிறவர், கட்ட வேண்டிய வரி இருந்தால் அதை மார்ச் 15-க்குள் முன்வரியாகக் கட்டிவிட வேண்டும்.

இன்னொன்று, வளைகுடாவுக்குப் போய்விட்டாலே என்.ஆர்.ஐ. என்பது. விசா அதைத் தீர்மானிப்பதில்லை, நாட்கள் தீர்மானிக்கின்றன. வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன், ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையுள்ள நிதியாண்டில் 182 நாட்கள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால், அவ்வாண்டில் அவர் இங்கே வசிப்பவர்தான். அவருடைய உலக வருமானம் முழுவதும் இங்கே கணக்கில் வரும். செப்டம்பர் 28-க்குள் விமானம் ஏறி மார்ச் முடியும்வரை திரும்பாதவருக்கு அவ்வாண்டின் வளைகுடாச் சம்பளத்துக்கு இங்கே வரியில்லை. அக்டோபரில் ஏறியவருக்கு உண்டு. சில நாட்கள் முன்னதாகப் புறப்பட முடியுமா என்று ஏஜென்டிடம் கேட்பது முற்றிலும் நேர்மையான வரித் திட்டமிடல். பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது பழையதைத் தொலைத்துவிடாதீர்கள்.

இந்த விதியில் பெரிதும் சிக்குகிறவர்கள் 'ஷட்டவுன்' வேலைக்குப் போகும் நம் வெல்டர்களும் பிட்டர்களும்தான். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது 45 நாள், 60 நாள், 90 நாள் என்று ஒப்பந்தம். கத்தாரில் 90 நாள் உழைத்துத் திரும்பியவர் என்.ஆர்.ஐ. அல்லர். அந்தப் பணமும் இங்கே வருமானம். கேட்டவுடன் பயந்துவிடாதீர்கள். கத்தாரில் மூன்று லட்சமும் ஊரில் ஐந்து லட்சமும் சம்பாதித்தவருக்கு மொத்தம் எட்டு லட்சம். 12 லட்சம் வரை தள்ளுபடி இருக்கும்போது அவர் கட்ட வேண்டிய வரி பூச்சியம்தான். ஆனால் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் ரிட்டர்ன் மட்டும் தாக்கல் செய்ய வேண்டும். உண்மையைச் சொன்னாலே ஒரு ரூபாயும் கட்ட வேண்டியிராத மனிதர், பொய் எழுதுவதற்காகத் தரகருக்குக் கமிஷன் கொடுக்கிறார். இதைவிட வருத்தமான செய்தி உண்டா?

கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு நாட்கணக்கு சிடிசி புத்தகத்தின்படி. இந்தியத் துறைமுகத்திலிருந்தோ வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்தோ சர்வதேசப் பயணத்தில் செல்லும் கப்பலில் சேர்ந்த நாள் முதல் இறங்கிய நாள் வரை இந்தியாவில் இருந்ததாகக் கணக்கிடப்படுவதில்லை. என்.ஆர்.ஐ. ஆன மாலுமி வெளிநாட்டுக் கப்பலில் வெளியே செய்த வேலைக்கான சம்பளம் இங்குள்ள என்.ஆர்.இ. கணக்கில் விழுந்தது என்பதற்காக மட்டும் அதற்கு வரி விதிக்கக் கூடாது என்று 2017 ஏப்ரலில் மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை வெளியிட்டது. தூத்துக்குடிக் குடும்பங்கள் பல இதை அறிந்தே வைத்திருக்கின்றன.

2020-ஆம் ஆண்டு பட்ஜெட்டின்போது, எந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியக் குடிமகனை இந்தியாவில் வசிப்பவராகவே கருதுவோம் என்ற அறிவிப்பு வளைகுடாக் குடும்பங்களைக் கலங்கடித்தது. உண்மையாக உழைக்கச் சென்றவர்களை அது தொடாது என்று பிப்ரவரி 2 அன்றே அரசு விளக்கம் தந்தது. இறுதியில் இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு மட்டும் என்று விதி சுருங்கியது. வளைகுடாவும் மாறி வருகிறது. ஓமன் 2025-இல் தனிநபர் வருமான வரிச் சட்டம் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 5 சதவீதம், 2028 ஜனவரி முதல். ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்கு வரி இல்லையென்றாலும், சொந்தமாகத் தொழில் செய்து ஆண்டுக்குப் பத்து லட்சம் திர்ஹாமுக்கு மேல் வரவு காணும் தனிநபர் 2024 முதல் அங்குள்ள நிறுவன வரிக்குள் வருகிறார். சிங்கப்பூரில் ஏற்கெனவே வரி உண்டு. அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ள இரட்டை வரி ஒப்பந்தம் வழி செய்கிறது. ஆனால் அதற்குரிய படிவத்தைத் தாக்கல் செய்தவருக்குத்தான் அந்தக் கழிவு.

நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். என்.ஆர்.இ. வைப்புத்தொகையின் வட்டிக்கு வரிவிலக்கு வெளிநாட்டில் வசிக்கும்வரைதான். திரும்பி வந்தபின் வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கை மாற்ற வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன் திரும்பி, வீடும் கட்டி, பேரப்பிள்ளையும் எடுத்தபின் இன்னும் வங்கியில் 'என்.ஆர்.ஐ.' ஆகவே இருப்பவர்கள் நம்மிடையே உண்டு.

எங்கள் பக்கமும் ஒரு வார்த்தை. அரசு உதவிபெறும் பள்ளிகளில் பணியாற்றும் குருக்கள், அருள்சகோதரிகளின் சம்பளத்தில் வரி பிடிக்கலாமா என்ற வழக்கு நீண்ட காலம் நடந்தது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள், சம்பளம் சபைக்கே போகிறது, ஆகவே அது எங்கள் வருமானமல்ல என்பது நம் தரப்பு வாதம். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சென்ற அந்த மேல்முறையீடுகளை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 7 அன்று தள்ளுபடி செய்தது. சம்பளம் யார் பெயரில் வருகிறதோ அவருடைய வருமானம் அது, வாங்கியபின் யாருக்குக் கொடுத்தாலும் சரி என்றது. நம்மில் சிலருக்கு வருத்தம்தான். ஆனாலும் வழக்காடினோம், தோற்றோம், கட்டுகிறோம். விலக்குக் கேட்பதற்கு நேரான வழி நீதிமன்றம்.

இதையொட்டி, திருவிழா நன்கொடைக்குக் கூடுதல் தொகை போட்டு 80ஜி ரசீது கேட்டு வருகிற அன்பர்களுக்கும் ஒரு தகவல். கோவில் திருவிழா நன்கொடைக்கு அந்தப் பிரிவில் கழிவே கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு எந்த நன்கொடைக்கும் 80ஜி கழிவு இல்லை. ஆகவே கேட்டும் பயனில்லை, கொடுத்தும் பயனில்லை!

நம் உழைப்பாளிகளில் பலர் வரியை ஏய்ப்பவர்கள் அல்லர். கொடுக்க வேண்டாத வரியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள். ஒப்பந்தக் கூலியில் 1 சதவீதமும், தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதமும் டிடிஎஸ் பிடிக்கப்படுகிறது. பான் எண் கொடுக்காதவருக்கு 20 சதவீதம். ஆண்டில் 6 லட்சம் கட்டணம் பெற்ற ஒரு வரைபடக் கலைஞருக்கு 60,000 பிடித்திருப்பார்கள். பாதிக் கணக்கில் அவருடைய வருமானம் 3 லட்சம். வரியே இல்லை. அந்த 60,000-மும் அவருடையது. ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் திரும்ப வரும். பிடித்த பணத்தை அரசுக்குக் கட்டாமல் வைத்துக்கொள்ளும் ஒப்பந்ததாரரும் உண்டு. வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் பார்த்தால், பிடித்தது கட்டப்பட்டதா என்று தெரிந்துவிடும். ஆண்டுக்கு இருமுறையாவது பிள்ளைகளைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தரகர் பேச்சைக் கேட்டு முன்பே பொய்க்கழிவு எழுதிவிட்டவர்கள் என்ன செய்வது? நோட்டீஸ் வந்தபின் தவறான தகவல் என்று முடிவானால், ஏய்த்த வரியில் 200 சதவீதம் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதற்கு முன்பாகத் தாங்களே திருத்திக்கொள்ள 'புதுப்பித்த ரிட்டர்ன்' என்ற வழி இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதற்கான காலத்தை நான்கு ஆண்டுகளாக நீட்டியது. வரியும் வட்டியும் கட்டி, அதன்மேல் முதல் ஆண்டில் 25 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 50, மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 70. சக்கேயு நான்கு மடங்கு தருவதாகச் சொன்னார். இவர்கள் கேட்பது அவ்வளவு இல்லை. உங்கள் ஊரில் நம்பகமான ஆடிட்டர் ஒருவரிடம் பழைய ரிட்டர்ன் நகல்களோடு போங்கள். தரகர் நகல் தரவில்லை என்றால், வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரிலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம்.